80 சதவீதம் ரப்பர், 20 சதவீதம் பிளேடு: இந்தக் கணக்கு சரியா?

கேள்வி, ஜூன் 2

டேபிள் டென்னிஸ் மட்டையில் 80 சதவீதம் ரப்பர்தான், பிளேடு (ரப்பர் ஒட்டும் மரப் பகுதி) வெறும் கைப்பிடிக் கட்டை என்கிறார் கூட ஆடும் சீனியர் ஒருவர். இன்னொருவர் அப்படியே தலைகீழ்: ரப்பர் இன்றைக்கு இருக்கும், நாளைக்குச் செத்துப்போகும், பிளேடுதான் கடைசிவரை கூட வரும் என்கிறார். நான் இரண்டு வருடமாக ஆடுகிறேன். ஃபோர்ஹேண்ட் டாப் ஸ்பின் பரவாயில்லை. பேக்ஹேண்டில் பிளாக் செய்தால் (வேகமாக வரும் பந்துக்கு மட்டையை வீசாமல் காட்டித் தடுத்தால்) பாதிப் பந்து மேஜைக்கு வெளியே போகிறது. இப்போதைக்கு ஒன்றைத்தான் மாற்ற முடியும். எதை மாற்றட்டும் அண்ணா?

ஜூன் 2, இரவு

ரப்பரை மாற்றுங்கள்.

ஜூன் 3

நேற்று தூக்கக் கலக்கத்தில் ஒரு வரியோடு முடித்துவிட்டேன். காரணம் சொல்லாத பதில் ஜோசியம் மாதிரி, அதனால் இன்று கொஞ்சம் விவரமாக.

முதலில் அந்த 80 சதவீதம். எதில் 80? வேகத்திலா, சுழலிலா, கட்டுப்பாட்டிலா? எடையில் என்றால் என் மட்டையைப் பிரித்து நிறுத்த கணக்கு கையில் இருக்கிறது: பிளேடு 87 கிராம், வெட்டி ஒட்டிய இரண்டு ரப்பரும் சேர்ந்து 96 கிராம். கிட்டத்தட்ட ஆளுக்குப் பாதி. தடிமனில் என்றால் பிளேடு 6 மில்லிமீட்டரை ஒட்டி, ரப்பர் பக்கத்துக்கு 4 மில்லிமீட்டர்வரை, ஆக இரண்டு பக்கமும் 8. அப்படிப் பார்த்தாலும் 80 வரவில்லை. யாரோ பேச்சுவாக்கில் சொன்ன எண், வாய்க்கு வாய் மாறி அளந்து பார்த்த எண் மாதிரி ஆகிவிட்டது.

இனி விஷயத்துக்கு வருவோம். பந்தின் எடை 2.7 கிராம். மட்டையில் அது தங்கியிருப்பது ஏறக்குறைய ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம். அதற்குள் அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பாருங்கள். மெதுவாகத் தள்ளும் புஷ், எதிர்ப்பக்கத்தில் இரண்டு முறை குதிக்க வேண்டிய குட்டை சர்வீஸ், வலையோரம் தட்டிவிடும் பந்து, இதிலெல்லாம் பந்து ரப்பரின் மேல் ஷீட்டை உரசி, அந்த ஷீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்சைக் கொஞ்சமாக அமுக்கிவிட்டுத் திரும்பிவிடுகிறது. அடியில் மரம் இருப்பது அதற்கு ஏறக்குறையத் தெரியவே தெரியாது. ஓங்கி அடித்தால் கதை வேறு. ஸ்பாஞ்ச் முழுக்க நசுங்கி, அதற்கு மேல் நசுங்க இடமில்லாமல், அடி மரத்தில் போய் விழுகிறது. சத்தமே மாறும். அதுவரை ‘பொத்’ என்றிருந்தது ‘டக்’ என்று கேட்கும். அதிர்வு கைப்பிடி வழியே உள்ளங்கைக்கு வரும்.

ஆகவே என் பதில்: உங்கள் பந்து மரம்வரை போகிறதென்றால் மரத்தைப் பற்றிக் கவலைப்படுங்கள். இரண்டு வருடம் ஆடியவருக்குப் பத்துப் பந்தில் ஒன்றிரண்டு அப்படிப் போனால் பெரிது. அதனால் ரப்பர்.

ஜூன் 4

நேற்று எழுதியதை இன்று படித்தால் எனக்கே உதைக்கிறது. கேட்ட தம்பி சொன்ன குறை என்ன? பேக்ஹேண்ட் பிளாக். பிளாக்கில் நாம் வீசுவதில்லை, உண்மைதான். ஆனால் எதிராளி வீசுகிறார்! பந்து அவருடைய வேகத்தோடு வந்து மோதுகிறது. நாம் மட்டையைச் சும்மா காட்டினாலும் பந்து ஆழமாகத்தான் இறங்கும். அதாவது மரம் பேசுகிற இடங்களில் பிளாக் ஒன்று. நானே சொன்ன காரணத்தை வைத்துப் பார்த்தால் அவர் பிளேடை அல்லவா பார்க்க வேண்டும்?

இப்போதைக்கு இரண்டு பதிலையும் நிறுத்தி வையுங்கள். யோசித்துவிட்டு வருகிறேன்.

ஜூன் 9

யோசித்ததில் என் பழைய கதைதான் ஞாபகம் வந்தது. அதையே எழுதிவிடுகிறேன்.

ஆடத் தொடங்கி மூன்றாவது வருடம். அதுவரை என் கையில் இருந்தது ஐந்து அடுக்கு மரப் பிளேடு. எல்லோரும் கார்பன், கார்பன் என்று பேசியதைக் கேட்டு நானும் ஒரு கார்பன் பிளேடு (மர அடுக்குகளுக்கு நடுவே கார்பன் இழை வைத்தது) வாங்கினேன், கூடவே புது ரப்பர் இரண்டு. முதல் நாள் பந்து பறந்தது. பிளேடு என்றால் இதுதான் பிளேடு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாரம் அதே பந்து மேஜைக்கு வெளியே பறக்க ஆரம்பித்தது. சர்வீஸ் எடுத்தால் உயரமாக எழும்பியது, பிளாக் செய்தால் சுவரில் போய் அடித்தது. சரி, நமக்கு இது ஆகாது, பழைய குருடி கதவைத் திறடி என்று பழைய மட்டையை எடுத்தேன். அதில் பந்தெல்லாம் வலையில். இதென்னடா வம்பு என்று அப்போதுதான் பழைய மட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ரப்பரின் நடுவில், கொஞ்சம் நுனிப்பக்கமாக, மங்கலாக ஒரு வட்டம். சுற்றிலும் இருந்த ஓரம் மட்டும் இன்னும் மினுமினுப்பு. பந்து ஒன்றை எடுத்து ஓரத்தில் வைத்து உள்ளங்கையால் அமுக்கி இழுத்தேன்: பிடித்துக்கொண்டு நகர மறுத்தது. மங்கல் வட்டத்தில் வைத்து அதே மாதிரி இழுத்தேன்: வழுக்கிக்கொண்டு போனது. ஒன்றரை வருடமாக மாற்றாத ரப்பர். அதோடு புது ரப்பர் ஒட்டிய கார்பன் மட்டையை ஒப்பிட்டுவிட்டு, வித்தியாசம் முழுவதையும் கார்பன் கணக்கில் எழுதிவைத்திருக்கிறேன்.

உடனே அந்தப் புது ரப்பர்களைக் கழற்றிப் பழைய மரப் பிளேடில் ஒட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். இங்கே ஒரு எச்சரிக்கை. ரப்பரைக் கைப்பிடிப் பக்க மூலையிலிருந்து சாய்வாக, அவசரப்படாமல் உரிக்க வேண்டும். நான் பழைய மட்டையில் இருந்த செத்த ரப்பரை, குப்பைக்குப் போகப்போவதுதானே என்று நுனியிலிருந்து நேராக இழுத்தேன். ‘சர்ரக்’ என்றது. மரத்தின் மேலடுக்கில் ஈர்க்குச்சி அகலத்துக்கு, ஒரு விரல் நீளத்துக்கு, ரப்பரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அந்தத் தழும்பு இன்றும் என் மட்டைக்குள் இருக்கிறது. மேலே ரப்பர் மூடியிருப்பதால் யாருக்கும் தெரியாது.

ஒட்டி ஆடினால் பழைய மரப் பிளேடும் பறந்தது! அதே எகிறல், அதே உயரமான சர்வீஸ். மேஜையை ஒட்டி நின்று ஆடிய வரைக்கும் இது எந்த மட்டை என்றே மறந்துபோனேன். பின்னால் போய் நின்று அடித்தபோதும் பிளாக் செய்தபோதும் மட்டும் மரப் பிளேடு கொஞ்சம் அடங்கிப் போனது தெரிந்தது.

ஜூன் 10

ஒருவர் கேட்கிறார்: “புது ரப்பர் பிளாக்கை வெளியே அனுப்புகிறது என்கிறீர்கள், செத்த ரப்பர் வலையில் போடுகிறது என்கிறீர்கள், அப்படியானால் எந்த ரப்பரில்தான் ஆடுவது?”

நடுத்தர வயது ரப்பரில். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முதல் சில நாட்கள் எல்லா ரப்பரும் குதிக்கும், அப்புறம் படியும். அந்த முதல் வாரத்தில் எந்தத் தீர்ப்பும் சொல்லக் கூடாது என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

ஜூன் 15

சந்தேகம் தீராமல் நேற்று ஒரு சோதனை செய்தோம். ஐந்து அடுக்கு மரம் ஒன்று, கார்பன் ஒன்று. இரண்டிலும் ஒரே ரகம், ஒரே தடிமன், ஒரே நாளில் பிரித்து ஒட்டிய ரப்பர். கைப்பிடியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதபடி இரண்டுக்கும் துணி சுற்றியாயிற்று. நான் கண்ணை மூடிக் கை நீட்டுவேன், நண்பர் ஏதாவது ஒன்றைக் கொடுப்பார். அவர் பந்து போட, நான் ஐந்து லூப் (பந்தைச் சுழற்றி அடிக்கும் டாப் ஸ்பின்), ஐந்து பிளாக், அப்புறம் எது என்று சொல்ல வேண்டும்.

முதல் சுற்று முழுக்கச் சரியாகச் சொன்னேன். எனக்கே பெருமை. நண்பர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, “நீ காதால ஆடுற” என்றார். வாஸ்தவம். கார்பன் கொஞ்சம் கீச்சுக் குரலில் ‘டிக்’ என்கிறது, மரம் ‘டொக்’ என்கிறது. வெற்றுப் பிளேடில் பந்தைக் குதிக்கவிட்டுச் சத்தத்தின் சுருதியை வைத்தே அது எவ்வளவு விறைப்பானது என்று கணிப்பவர்கள் உண்டு. சுருதி ஏற ஏற விறைப்பும் அதிகம்.

காதில் பஞ்சை வைத்துக்கொண்டு இரண்டாவது சுற்று. பெருமை காற்றில் போனது. மேஜையருகில் நின்று மெதுவாகச் சுழற்றும் லூப்பை மட்டும் வைத்துச் சொன்னவற்றில் பாதிக்குப் பாதி தப்பு, காசு சுண்டிப் போட்ட மாதிரி. பிளாக்கை வைத்துச் சொன்னவற்றில் தப்பியது இரண்டோ மூன்றோதான்.

ஆக ஜூன் 3-இல் சொன்னதும் சரி, ஜூன் 4-இல் சொன்னதும் சரி. மெதுவான பந்தில் ரப்பர், பிளாக்கில் மரம்.

ஜூன் 16

மேலே எழுதியதை நம்ப வேண்டாம். இன்று இரண்டு மட்டையையும் நிறுத்துப் பார்த்தேன். 9 கிராம் வித்தியாசம்.

9 கிராம் என்ன பெரிது என்று தோன்றும். கையில் பிடித்துப் பார்த்தால் தெரியும், அதுவும் தலைப்பக்கம் கனத்தால் இன்னும் தெரியும். பிளாக்கில் நான் கண்டுபிடித்தது கார்பனையா, கனத்தையா? கனமான மட்டை மோதலில் பின்வாங்காது, பந்து வேகமாகத் திரும்பும். அதை விறைப்பு என்று நினைத்திருக்கலாம். மறுபடியும் செய்ய வேண்டும்.

ஜூன் 20

மறுசோதனைக்கு நண்பருக்கு நேரம் கிடைக்கவில்லை. அதுவரை இன்னொரு கோணம்.

விதிப்புத்தகம் எதைப் பார்த்துப் பயப்படுகிறது என்று பாருங்கள். மட்டை எந்த அளவிலும், எந்த வடிவத்திலும், எந்த எடையிலும் இருக்கலாம். பிளேடு தட்டையாக, விறைப்பாக இருக்க வேண்டும், தடிமனில் குறைந்தது 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும். கார்பன் போன்ற இழை அடுக்கு ஒவ்வொன்றும் மொத்தத் தடிமனில் 7.5 சதவீதம் அல்லது 0.35 மில்லிமீட்டர், எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. மரத்துக்கு அவ்வளவுதான் கட்டுப்பாடு. ரப்பருக்கோ ஒரு குடும்பமே காவல் நிற்கிறது. ஸ்பாஞ்ச் உள்ள ரப்பர் பசையோடு சேர்த்து 4 மில்லிமீட்டர், ஸ்பாஞ்ச் இல்லாத பிம்பிள்ஸ் (குட்டிக் காம்புகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர்) என்றால் 2 மில்லிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டரில் 10-க்குக் குறையாமல் 30-க்கு மேற்படாமல் பிம்பிள்ஸ். சர்வதேசக் கூட்டமைப்பு அங்கீகரித்த பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். நிறம்கூட விதி: 1986-இலிருந்து ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் சிவப்பு. 2021 அக்டோபரிலிருந்து சிவப்புக்குப் பதில் இளஞ்சிவப்பு, ஊதா, பச்சை, நீலம் எதுவும் இருக்கலாம், கறுப்பு மட்டும் மாறவில்லை.

எல்லாம் 1952-இல் தொடங்கியது. பம்பாயில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் ஹிரோஜி சாடோ என்ற ஜப்பானியர் தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய மட்டையோடு வந்து ஒற்றையர் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார். அதுவரை மட்டையின் ‘டக் டக்’ சத்தத்தைக் கேட்டே வேகத்தைக் கணித்தவர்களுக்கு அவர் மட்டையில் சத்தமே கேட்கவில்லை. (என் நண்பர் சொன்ன ‘காதால ஆடுற’ ஆட்கள் அப்போதும் இருந்திருக்கிறார்கள்.) சாடோவின் மட்டையிலும் மரம் மரம்தான், மேலே ஒட்டியிருந்ததுதான் வேறு. 1959-இல் ஸ்பாஞ்சுக்கு அளவு விதித்தார்கள்.

இதைப் பார்த்தால் ரப்பர் கட்சிதான் ஜெயிக்கிறது. ஆட்டத்தைத் தலைகீழாக்கிய மாற்றங்கள் பெரும்பாலும் ரப்பரில் வந்தவை.

ஜூன் 20, பின்குறிப்பு

பசையை மறந்துவிட்டேனே! மூன்றாவது கட்சி அதுதான். சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப்போடும் பசையைத் தடவினால் ஸ்பாஞ்ச் உப்பி, விறைத்து, பந்து எகிறுகிறது என்று 1970-களில் ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். அப்புறம் ஆட்டத்துக்கு ஆட்டம் உரித்து ஒட்டுவதே ஒரு வேலை. 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் முடிந்ததும் செப்டம்பரிலிருந்து அந்த ஆவியாகும் கரைப்பான் பசைக்குத் தடை. அதே வருடம்தான் டெனர்ஜி 05 வந்தது: பசை செய்த வேலையில் ஒரு பங்கைத் தொழிற்சாலையிலேயே ஸ்பாஞ்சுக்குள் வைத்துத் தரும் வகை ரப்பர். இப்போது நாம் தடவுவது தண்ணீர்ப் பசை, பால் மாதிரி வெள்ளையாக இருந்து காய்ந்ததும் கண்ணாடியாகும். அது வேகம் எதுவும் தராது. ஆனால் மூன்று கோட்டிங் அடித்தால் நடுவில் ஒரு மெத்தை உருவாகி, தொடு உணர்வு மந்தமாகிவிடும். நான் ஒரு காலத்தில் அந்த மந்தத்தையும் பிளேடின் குணம் என்று நினைத்திருக்கிறேன்.

ஜூன் 21

நேற்றைய ‘ரப்பர் கட்சி ஜெயிக்கிறது’ என்பதற்கு ஆதரவாக ஒருவர் நீள பிம்பிள்ஸைக் கொண்டுவந்திருக்கிறார். இந்திய வீராங்கனை மணிகா பத்ரா பேக்ஹேண்டில் நீள பிம்பிள்ஸ் வைத்து ஆடித்தான் 2018 காமன்வெல்த் விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வாங்கினார், அந்தப் பக்கத்தில் பிளேடு எதுவாக இருந்தால் என்ன என்கிறார்.

முதல் பாதி சரி. நீள பிம்பிள்ஸில் எதிராளியின் சுழலைத் திருப்பி அவருக்கே அனுப்புவது ரப்பரின் வேலை, எந்தப் பிளேடும் அதைத் தராது. இரண்டாம் பாதியில்தான் இடிக்கிறது. நீள பிம்பிள்ஸில் ஸ்பாஞ்சே இல்லாத ரகம் ஒன்று உண்டு. மெல்லிய ஷீட், அதில் நீட்டிக்கொண்டிருக்கும் காம்புகள், அடியில் நேராக மரம். ரப்பர்களிலேயே விசித்திரமான ரப்பர் அது, ஆனால் அதில்தான் பந்து மரத்துக்கு மிக அருகில் போகிறது. அதை வைத்து ஆடுபவர்களிடம் பிளேடைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், சாயங்காலம்வரை பேசுவார்கள். பிளேடை மாற்றினால் பந்து ஆடிக்கொண்டு போகும் விதமே மாறிவிட்டது என்று புலம்புவார்கள்.

ஸ்பாஞ்ச் தடித்தால் மரம் தூரம், மெலிந்தால் மரம் பக்கம். இது பிம்பிள்ஸுக்கு மட்டும் இல்லை. 2.1 மில்லிமீட்டர் ஸ்பாஞ்சில் ஆடுபவரும் 1.5-இல் ஆடுபவரும் ஒரே பிளேடைப் பற்றி வேறு வேறு கருத்து சொல்வதற்கு இதுவும் காரணம்.

ஜூன் 23

மறுசோதனை முடிந்தது. இலேசான மட்டையின் தலை ஓரத்தில் ஈயப் பட்டை ஒட்டி 9 கிராமையும் ஈடுகட்டினோம். காதில் பஞ்சு, கைப்பிடியில் துணி, எல்லாம் பழையபடி.

லூப்: சொல்ல முடியவில்லை. பிளாக்: முன்பு மாதிரி அவ்வளவு சுலபமாக இல்லை, ஆனாலும் தப்பியதைவிடச் சொன்னதுதான் அதிகம். எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்டால், பந்து போன வேகத்தை வைத்து இல்லை. மரத்தில் ஆட்காட்டி விரலின் அடிப்பக்கம் மெல்லியதாக ஒரு ரீங்காரம் நிற்கிறது, கார்பனில் அது உடனே அடங்கிவிடுகிறது. கனம் பாதி, விறைப்பு பாதி என்று வைத்துக்கொள்ளலாம். (பார்த்தீர்களா, நானும் சதவீதம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.)

கார்பன் என்று ஒரே வார்த்தையில் சொல்வதும் தப்பு என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன். இழை அடுக்கு மேல் மரத்துக்கு நேர் அடியில் இருந்தால் மெதுவான பந்திலேயே அதன் குணம் எட்டிப்பார்க்கும். நடு மரத்தை ஒட்டி உள்ளே இருந்தால் மெதுவான பந்தில் மரப் பிளேடு போலவே நடந்துகொண்டு, ஓங்கி அடிக்கும்போதுதான் விழித்துக்கொள்ளும். என்னுடையது இரண்டாவது ரகம். முதல் ரகத்தில் செய்திருந்தால் லூப்பிலும் பிடித்திருப்பேனோ என்னவோ.

ஜூலை 1

ஒருவர் மிருதங்கத்தை இழுத்திருக்கிறார். பலாக் கட்டை ஒன்று, தோலை எத்தனை முறையும் மாற்றிக்கொள்ளலாம், அதுபோலத்தானே என்று. அழகான உவமை. ஆனால் மிருதங்கத்துக்கு வலந்தலை வேறு, இடந்தலை வேறு. நம் ஆட்கள் நிறையப் பேர் இரண்டு பக்கமும் ஒரே ரப்பரை ஒட்டிக்கொண்டு, ஒரு பக்கம் சரியில்லை என்று புலம்புகிறார்கள். ஃபோர்ஹேண்டுக்குப் பிடித்த ரப்பர் பேக்ஹேண்டுக்கும் ஆக வேண்டும் என்று என்ன கட்டாயம்?

அதோடு இன்னொன்று. சீன வீரர் மா லாங் ஃபோர்ஹேண்டில் வைத்து ஆடினார் என்பதற்காக ஹரிகேன் 3 ரப்பர் வாங்கி ஒட்டிக்கொண்டு, பந்து போகவே இல்லை என்று எழுதியிருக்கிறார் ஒருவர். போகாது. அது ஒட்டும் தன்மையுள்ள மேல் ஷீட்டும் கடினமான ஸ்பாஞ்சும் உள்ள ரப்பர், முழு உடம்பையும் சுழற்றி அடிக்கிறவருக்காக இருப்பது. மெதுவாக அடித்தால் ஸ்பாஞ்ச் அசையாமல் உட்கார்ந்திருக்கும். கடினத்தைப் பார்த்து வாங்கும்போது ஸ்பாஞ்சின் கடினத்துக்குப் போடும் டிகிரி எண்ணையும் நம்பிவிடாதீர்கள். ஹரிகேனில் போட்டிருக்கும் 39-உம் டெனர்ஜி 05-க்குச் சொல்லும் 36-உம் ஒரே அளவுகோல் இல்லை. டெனர்ஜியின் 36-ஐ டிக்னிக்ஸ் 05-இன் 40-ஓடு ஒப்பிடலாம், இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வீட்டுப் பிள்ளைகள். பக்கத்து வீட்டு எண்ணோடு ஒப்பிட முடியாது.

ஜூலை 6

கேள்வி கேட்ட தம்பி ஒரு மாதம் கழித்து வந்திருக்கிறார். “நீங்கள் முதல் நாள் சொன்னபடி ரப்பரை மாற்றலாம் என்று உரித்தேன் அண்ணா, வரவே மாட்டேன் என்கிறது, ஸ்பாஞ்ச் துண்டு துண்டாகக் கிழிகிறது” என்கிறார்.

விசாரித்தால் அது பெட்டியில் ஒட்டியே வரும் ரெடிமேட் மட்டை. தொழிற்சாலைப் பசை, உரிப்பதற்காக ஒட்டியதே இல்லை. ஒரு மாதமாக நான் விதிப்புத்தகம், பம்பாய், மிருதங்கம் என்று ஊரெல்லாம் சுற்றினேனே தவிர, உங்கள் கையில் இருப்பது என்ன மட்டை என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி. ஜூன் 2 பதிலை வாபஸ் வாங்குகிறேன். இவருக்குப் பிளேடா ரப்பரா என்ற கேள்வியே இல்லை, இரண்டும் சேர்ந்துதான் வர வேண்டும்.

அதற்கு என் யோசனை: கார்பன் வேண்டாம். ஐந்து அடுக்கு மரம், ஆல்ரவுண்ட் ரகம், 85 கிராமை ஒட்டி. ரப்பர் இரண்டு பக்கமும் நடுத்தரக் கடினம், ஒட்டாத மேல் ஷீட். ஸ்பாஞ்ச் தடிமன் ஃபோர்ஹேண்டில் 2.0 மில்லிமீட்டர், பேக்ஹேண்டில் 1.8. பேக்ஹேண்டில் மெலிந்தது ஏன் என்றால், பிளாக்கில் ஸ்பாஞ்ச் கொஞ்சம் குறைவாகத் திருப்பி எறியும், மட்டையும் இலேசாகும். பசை ஒரே கோட்டிங், ஸ்பாஞ்சிலும் மரத்திலும் தனித்தனியாகத் தடவி, கண்ணாடி மாதிரி ஆனபிறகு ஒட்டுங்கள். அதற்கு முன்னால் மரத்துக்கு வார்னிஷ் மெல்லியதாக ஒரு கை. என் தழும்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 8

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்று ஒரே வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார் ஒரு பெரியவர். ஐயா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூடம் சில சமயம் நிஜமாகவே கோணலாக இருக்கிறது. மங்கல் வட்டம் விழுந்த ரப்பரில் பயிற்சி எடுப்பவர், பந்தைத் தூக்கிவிட மட்டையை மேலே திறந்து பழகிவிடுகிறார். புது ரப்பர் வந்த அன்று அதே கோணத்தில் பந்து கூரைக்குப் போகிறது. என்னுடைய கார்பன் கதையில் பாதி அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. ஜூன் 9-இல் எழுதும்போது இது தோன்றவில்லை.

ஜூலை 29

தம்பி புது மட்டையோடு மூன்று வாரம் ஆடிவிட்டு எழுதியிருக்கிறார். நிறுத்துப் பார்த்தாராம், 178 கிராம். ஐம்பது பேக்ஹேண்ட் பிளாக் எண்ணிச் செய்ததில் நாற்பத்தொன்று மேஜையில் விழுந்ததாம். சந்தோஷம். அப்புறம் கேட்கிறார்: “இது பிளேடாலா அண்ணா, ரப்பராலா?”

இரண்டையும் ஒரே நாளில் மாற்றியவருக்கு நான் என்ன பதில் சொல்ல! பழைய ரெடிமேட் மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டாரா என்று கேட்டேன். இல்லையாம். ஒரு பக்க ரப்பர் கிழிந்திருந்தாலும் மறுபக்கம் முழுசாக இருக்கிறதாம். அந்தப் பக்கத்தை வைத்து அதே ஐம்பது பிளாக் செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 31

பதில் வந்துவிட்டது. பழைய மட்டையில் இப்போது முப்பத்தெட்டு விழுகிறதாம்.